செம்போத்தின் கண்ணோரத்தில் உண்ணி: கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

கூட்டுக் குடும்பம். மொட்டைமாடியில் கொழுந்தனாரின் மரப் புறாக்கூண்டு. பந்தயத்துக்கு விடும் ஹோமர் புறாக்கள் நாற்பதுக்கும் மேல். கூண்டுக்கு அடியில் மாமியாரின் நாட்டுக்கோழிகள். கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றிய செம்போத்து ஒன்று மாடியில் வந்து விழுந்தது. எட்டு வயது மகள் அதை அட்டைப்பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதன் கண்ணைச் சுற்றி சாம்பல் நிற மணிகள்போல் ஏதோ ஒட்டியிருப்பதை மறுநாள்தான் கவனித்தார்கள். உண்ணி என்று கொழுந்தனார் சொல்லி, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவினார். இரண்டு நாள் கழித்து மகளின் பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், ஓர் உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. வாசகி அதை நகத்தால் கிள்ளி எடுத்தார். வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே நின்றுவிட்டதோ என்று சந்தேகம்.

வாசகி ஐந்து மாதக் கர்ப்பிணி. பக்கத்து வீட்டுக்காரர் பறவைக் காய்ச்சல் என்கிறார். கணவர் கைப்பேசியில் தேடி லைம் நோய், குரங்குக் காய்ச்சல் என்று பட்டியல் வைத்திருக்கிறார். புறாக்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கூண்டை ஒரு மாதம் காலியாகப் போட்டுவிட்டால் உண்ணி செத்துவிடும் என்பது குடும்பத்தின் யோசனை. இதற்கிடையே மாமியாரின் இழுப்புக்குச் செம்போத்துக் கறி நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டுமா, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து உண்டா, புறாக்களை விற்றுவிடலாமா என்பவை அவருடைய முக்கியக் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி செம்போத்தைப் பற்றியது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்: “படிக்கட்டில் படுக்கும் தெருநாயோடுதான் மகள் நாள் முழுக்க விளையாடுவாள்” என்று ஓரிடத்தில், “மாடியில் படுக்கும் மாமியாருக்கு ராத்திரியில் ஏதோ கடித்துத் தடிப்பு வருகிறது, மூட்டைப்பூச்சி என்று விட்டுவிட்டோம்” என்று இன்னோரிடத்தில். அவற்றைப் பிறகு பார்க்கிறேன். பறவையை முதலில் முடித்துவிடலாம்.

பறவையை என்ன செய்வது

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அதை உடனே கொண்டுபோகும்படி கடிதம் கிடைத்த அன்றே எழுதியிருந்தேன். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகவும் வனத்துறைக்குத் தகவல் போய்விட்டதாகவும் நீங்கள் பதில் அனுப்பியது நிம்மதி. மற்ற வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன்: அடிபட்ட காட்டுப் பறவையைக் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைப்பது சரி. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும், பால் சோறு ஊட்டுவதும் கூடாது. நத்தை, ஓணான், பூச்சி என்று தின்று வாழும் பறவை செம்போத்து. சோறு அதற்குத் தீனி இல்லை. வலுக்கட்டாயமாக ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கினால் உண்ணி செய்யாததை அது செய்துவிடும்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் உங்கள் கொழுந்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டுக்கும் நாய்க்கும் அப்படித் தடவிப் பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் பறவையின் தோல் மிக மெல்லியது. கண்ணருகே தடவியது கண்ணைப் புண்ணாக்கும். இறகில் படிந்ததை அலகால் கோதும்போது உள்ளே போகும். ஆவி நுரையீரலைக் கெடுக்கும். எரிச்சல்பட்ட உண்ணி உடனே விழுவதும் இல்லை. அது தன் எச்சிலையும் குடித்த ரத்தத்தையும் காயத்துக்குள்ளேயே திருப்பிவிடலாம், அதில்தான் கிருமி ஏறும் அபாயம். சுண்ணாம்பு, வேப்பெண்ணெய், ஊதுபத்தியால் சுடுவது என்று இன்னும் பல வழிகளைச் சொல்வார்கள். எதுவும் வேண்டாம்.

இன்னொன்று சட்டம். செம்போத்து 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. காப்பாற்றும் எண்ணத்தில் எடுத்து வைத்ததற்காக யாரும் உங்கள் மீது பாயப்போவதில்லை; ஆனாலும் அப்படி ஓர் உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். “குணமாகட்டும், நாமே வளர்ப்போம்” என்று மகள் கேட்டால் முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

கறி விஷயம் அதைவிடக் கடுமையானது. செம்போத்துக் கறி நெஞ்சுச் சளிக்கும் காசத்துக்கும் மருந்து என்ற நம்பிக்கை மிகப் பழையது. அந்த நம்பிக்கையால் எத்தனையோ செம்போத்துகள் கண்ணியில் மாட்டியிருக்கின்றன, யாருடைய இழுப்பும் நின்றதாகத் தெரியவில்லை. கொன்றால் சிறைத் தண்டனை வரை போகும். உங்கள் மாமியாரின் இழுப்புக்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் மொட்டைமாடியில்தான் இருக்கிறது.

கண்ணோரத்தில் ஒட்டியிருந்தது என்ன

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று நன்றாக விழுந்திருக்கிறது. செம்போத்தின் ரத்தச் சிவப்புக் கண், அதைச் சுற்றிக் கறுப்புத் தோல், கீழிமை ஓரமாக வரிசையாக நான்கைந்து மணிகள், எள்ளைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக. காதுத் துளையருகே இறகை விலக்கிய இடத்தில் இன்னும் இரண்டு. அவை உண்ணிகள்தான். ரத்தம் குடித்து ஊதிப்போன இளம் உண்ணிகள். எந்த இனம் என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும். கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

எல்லாம் தலையில் மட்டும் ஏன் இருக்கின்றன? உடம்பின் மற்ற இடங்களில் ஏறுகிற உண்ணியைப் பறவை அலகால் கோதி எடுத்துவிடும். கண்ணோரம், காது, அலகின் அடி, தாடை ஆகிய இடங்களுக்கு அதன் அலகு எட்டாது. செம்போத்து அதிகம் பறக்காது. புதரடியில், புல்லுக்குள், வேலி ஓரத்தில் நடந்தே இரை தேடும். புல் நுனியில் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சுகள் அப்படி நடக்கிற பறவை மீது எளிதாகத் தொற்றிக்கொள்ளும். மைனா, கௌதாரி, மயில் போன்ற தரையில் மேயும் பறவைகளிலும் இதைப் பார்க்கலாம். அத்துடன், இறக்கையில் நூல் சுற்றி, பறக்க முடியாமல் புதரடியில் சில நாள் கிடந்த பறவை தன்னை ஒழுங்காகக் கோதியிருக்காது. அதனால் உண்ணி மொய்த்துப் பறவை விழுந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதை வீழ்த்தியது மாஞ்சா. நான்கைந்து உண்ணி ஒரு வளர்ந்த பறவையைக் கொல்லாது. கூட்டில் இருக்கும் குஞ்சாக இருந்தால் கதை வேறு.

பறவை உடம்பில் காணும் எல்லாமே உண்ணி இல்லை. இறகுக்குள் பக்கவாட்டில் நண்டுபோல் ஓடி, பிடிக்கப் போனால் பறந்து உங்கள் சட்டையில் ஒட்டும் தட்டையான ஈ ஒன்று உண்டு. புறா வளர்ப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த ஈ. இறகுத் தண்டில் ஒட்டி நகர்வது பேன். அது மனிதர் மீது ஏறினாலும் வாழாது. ஊசிமுனை அளவில் சிவப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியாய் ஊர்வது செள். ஜன்னல் மேலும் ஏசிப் பெட்டிக்குப் பின்னாலும் புறா கூடு கட்டிய வீடுகளில் காரணம் தெரியாத அரிப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். உண்ணி நகராது. ஒரே இடத்தில் தோலைக் கவ்விக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பறவை நோயைக் கொண்டுவந்ததா

பறவைக் காய்ச்சலை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது எச்சம், சளி, எச்சில் வழியாகப் பரவுவது. உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே பகுதியில் காகங்களோ கோழிகளோ கும்பலாகச் செத்து விழுந்தால் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். ஒரு செம்போத்து மாஞ்சாவில் மாட்டியது அந்தக் கணக்கில் வராது.

லைம் நோய் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பிரச்சினை. அங்கே அதைப் பரப்பும் உண்ணி இனம் வேறு, குளிர்ந்த ஈரமான காடுகளில் வாழ்வது. அங்குள்ள பறவைகள் அந்த உண்ணிகளைத் தூரதேசங்களுக்குச் சுமந்து செல்கின்றன என்பது உண்மை. உங்கள் கணவர் படித்த கட்டுரைகள் அந்த ஊர்க்காரர்களுக்காக எழுதியவை.

குரங்குக் காய்ச்சல் நம் நாட்டு நோய், ஆகவே சற்று நின்று சொல்கிறேன். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில், கியாசனூர் காட்டில், குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குப் போய்வந்தவர்களுக்குக் கடும் காய்ச்சல். ஆராய்ந்தபோது கிடைத்த வைரஸ், ரஷ்யக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவாக இருந்தது. அப்படியானால் சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் பறவைகள்தான் உண்ணியோடு சேர்த்து இதைக் கொண்டுவந்தனவா என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளை வலையில் பிடித்து, உடம்பிலிருந்த உண்ணிகளைப் பொறுக்கி எடுத்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டார்கள். சைபீரியப் பறவைகள்தான் கொண்டுவந்தன என்பது நிரூபணம் ஆகவில்லை. நம் கோடியக்கரையில் வளையமிடப்பட்ட பறவைகளால் வலசைப் பாதைகளைப் பற்றி நமக்கு எவ்வளவோ தெரிய வந்ததற்கு அந்தச் சந்தேகமும் ஒரு தொடக்கம். பறவையைக் குற்றவாளியாக்க நடந்த விசாரணையில் பறவையின் ஊர் முகவரி கிடைத்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

அந்த நோயைப் பரப்பும் உண்ணி மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுத் தரையில், சருகுகளுக்கிடையே வாழ்வது. அதன் குஞ்சுகள் தரையில் மேயும் பறவைகள் மீதும் ஏறும் என்பது உண்மை. குரங்கும் காடும் சேர்ந்த அந்தச் சுழற்சி வியாசர்பாடியில் கிடையாது. உங்கள் வீட்டில் யாரும் அண்மையில் அந்த மலைக் காட்டுக்குள் போய்வரவில்லை என்றால் இந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

நாளிதழ்களில் “உண்ணிக் காய்ச்சல்” என்று அடிக்கடி வருவது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறது, சென்னையிலும் உண்டு. அதைப் பரப்புவது புதர்களிலும் புற்களிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு. எலிகள் நடமாடும் புதர் மண்டிய காலி மனையில் விளையாடும் குழந்தைக்கு அது வரலாம். செம்போத்தைத் தொட்டதால் வராது.

பறவையிலிருந்து தின்று கொழுத்துக் கீழே விழுந்த உண்ணி வீட்டில் பெருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது விழுந்தபின் தோல் உரித்து அடுத்த பருவத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஈரமும் நிழலும் வேண்டும். மே மாத வெயிலில் காயும் சிமென்ட் தளத்தில் பெரும்பாலும் வற்றிச் செத்துவிடும். அட்டைப்பெட்டியை மட்டும் எரித்துவிடுங்கள்.

மகளின் கழுத்தில் இருந்தது

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய முதல் வரி. பறவை மீதிருந்தவை சாம்பல் நிறம், ஊதியவை. மகளின் கழுத்திலிருந்து எடுத்ததைச் “சிவந்த பழுப்பு, தட்டை, நகத்தில் நசுங்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். வயிறு நிறைந்து விழுந்த இளம் உண்ணி இரண்டே நாளில் இன்னொருவரைக் கடிக்காது. மேலே சொன்னதுபோல அதற்குத் தோல் உரிக்க வேண்டும். பாதி குடித்த நிலையில் பிடுங்கப்பட்டது அபூர்வமாக மறுபடி ஒட்டலாம். ஆனால் நீங்கள் சொல்லும் நிறமும் உருவமும் சென்னைத் தெருநாய்களின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் இருக்கும் பழுப்பு நாய் உண்ணிக்கு அச்சாகப் பொருந்துகின்றன. படிக்கட்டில் படுக்கும் நாயின் காதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பிறகு படிக்கட்டின் சுவரையும் பாருங்கள். இந்த உண்ணி சுவர் ஏறும், மூலையில் ஒளியும், வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். கோடை வெயிலைத் தாங்குவதிலும் கெட்டிக்காரப் பூச்சி.

நாய் உண்ணியால் மனிதருக்கு ஒரு வகை டைபஸ் காய்ச்சல் வரலாம். கடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. முன்கூட்டியே மருந்து கொடுப்பது நம் பகுதியில் வழக்கமில்லை, தேவையும் இல்லை. அடுத்த இரண்டு மூன்று வாரம் கவனித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் (குறிப்பாக உள்ளங்கை, உள்ளங்காலில்) சிவந்த புள்ளிகள், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ போங்கள். போனதும் முதல் வார்த்தையாக “உண்ணி கடித்தது” என்று சொல்லுங்கள். வட சென்னையில் காய்ச்சல் என்றால் டெங்குப் பரிசோதனைதான் முதலில் நினைவுக்கு வரும். உண்ணி என்று காதில் விழுந்தால் மருத்துவர் வேறு திசையிலும் யோசிப்பார். காலத்தோடு கண்டுபிடித்தால் எளிய மருந்தில் குணமாகும் நோய் அது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மனித மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் மாட்டுக்கும் நாய்க்கும் புறாவுக்கும் எழுதித் தருபவன். உங்களை எதுவும் கடிக்கவில்லை, காய்ச்சலும் இல்லை என்பதால் வயிற்றிலிருக்கும் குழந்தையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனையின்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

தோலுக்குள் வாய்ப்பகுதி நின்றிருந்தால் ஊசியால் குடையாதீர்கள். சிறு முள் போலத் தானே வெளியேறிவிடும். அடுத்த முறை நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுங்கள். எடுத்ததை நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். நகத்தால் நசுக்கப் பார்த்ததுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே செய்கை. உண்ணியின் ரத்தம் நகக்கண் புண்ணில் பட்டாலும் கிருமி ஏறலாம்.

நாயை விரட்ட வேண்டாம். விரட்டினால் அது பக்கத்துப் படிக்கட்டுக்குப் போகும், உண்ணி உங்கள் சுவரிலேயே இருக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டினால் உண்ணிக்கு மாத்திரை இருக்கிறது. எடை பார்த்துத் தருவார். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் பெரிய தொகை இல்லை. வெறிநாய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

மொட்டைமாடிக் கூண்டு

இரண்டாவது வரி மாமியாரின் இரவுக் கடி. இதுதான் உங்கள் வீட்டின் நிஜமான உண்ணிப் பிரச்சினையாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

கோழிக்கும் புறாவுக்கும் உரிய மெல்லுண்ணி என்று ஒரு வகை உண்டு. செம்போத்தில் பார்த்ததுபோல நாள்கணக்கில் உடம்பில் உட்காராது. பகலில் மரப்பலகை இடுக்கிலும் ஆணி ஓட்டையிலும் ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து, அரை மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். ஆகவே பகலில் புறாவைப் பிடித்துப் பார்த்து “சுத்தமாக இருக்கிறது” என்று உங்கள் கொழுந்தனார் சொல்வதில் பொய்யில்லை, ஆனால் அது போதாது. இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சோடு அவரையே போகச் சொல்லுங்கள். புறா உட்காரும் கட்டையின் அடிப்பக்கம், பலகைகள் சேரும் மூலை, கீல் ஓரம் ஆகியவற்றைப் பார்க்கட்டும். பூசணி விதையைத் தட்டி வைத்ததுபோல், தோல் சுருங்கிய சாம்பல் பழுப்புப் பூச்சி, எட்டுக் கால், மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாதது கிடைத்தால் அதுதான். மூட்டைப்பூச்சிக்கு ஆறு கால், தலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நசுக்கினால் நாறும். புறாக் குஞ்சுகளின் இறக்கைக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லுண்ணியின் குஞ்சுகள் மட்டும் சில நாள் அங்கே கொத்தாக ஒட்டியிருக்கும். குஞ்சின் வாய்க்குள் வெளுத்திருந்தால் ரத்தம் போகிறது என்று பொருள்.

போன மாதம் ஒரு கோழி பச்சையாகக் கழிந்து செத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த உண்ணி கோழிக்குக் கொடுக்கும் ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற நோயிலும் அப்படித்தான் கழியும். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிநோயிலும் பச்சையாகக் கழிவது உண்டு. இனி ஒன்று செத்தால் புதைக்காமல் வேப்பேரிக்கு எடுத்துச் செல்லுங்கள், சோதித்துச் சொல்வார்கள். அந்த ஸ்பைரோகீட்டோசிஸ் மனிதருக்கு வருவதில்லை. மெல்லுண்ணி கடித்தால் மனிதருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். ஐரோப்பாவில் புறா மெல்லுண்ணி கடித்து, ஒவ்வாமை முற்றி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மாமியாருக்குக் கடித்த இரவில் முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூண்டுப் பிரச்சினை தீரும்வரை அவர் மாடியில் படுக்க வேண்டாம். அவருடைய இழுப்பை நெஞ்சு நோய் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் நாற்பது புறா இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். புறாவின் இறகுத் தூசும் காய்ந்த எச்சமும் சிலருக்கு நுரையீரலை மெல்ல மெல்லக் கெடுக்கும். கறி தேடி அலைவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் குடும்பத்தின் திட்டம்: புறாக்களை விற்று, கூண்டை ஒரு மாதம் காலியாகப் போடுவது. தயவுசெய்து வேண்டாம். மெல்லுண்ணி உணவே இல்லாமல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கூண்டு காலியானால் அதன் பட்டினி உங்கள் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கும். புறாக்களை விரட்டியபின் கட்டடத்தில் குடியிருந்தவர்களை உண்ணி கடிக்கத் தொடங்கிய அனுபவம் வெளிநாடுகளில் பல இடங்களில் உண்டு. தவிர, உண்ணியோடு சேர்த்துப் புறாவை விற்றால் பிரச்சினை வாங்குகிறவர் வீட்டுக்கும் போகும்.

செய்ய வேண்டியதை உங்கள் கொழுந்தனார் ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் லாபம் அவருடைய புறாக்களுக்குத்தான். ரத்தம் இழந்த புறா பந்தயத்தில் வீடு திரும்பாது. மரக்கூண்டைக் கைவிட்டு இரும்புச் சட்டமும் கம்பிவலையும் போட்ட கூண்டுக்கு மாறுவதே நிலையான வழி; இடுக்கு இல்லையென்றால் உண்ணிக்கு வீடு இல்லை. பழைய பலகைகளை விற்கவோ அடுப்புக்கு எடுத்து வைக்கவோ கூடாது, அங்கேயே பிரித்து எரித்துவிட வேண்டும். உடனே மாற்றப் பணமில்லை என்றால், புறாக்களையும் தீனி, தண்ணீர்ப் பாத்திரங்களையும் வெளியே எடுத்துவிட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் டெல்டாமெத்ரின் போன்ற மருந்தைக் கலந்து இடுக்குகளுக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் இடுக்குகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசலாம். முட்டைகள் மருந்துக்குத் தப்பும் என்பதால் இரண்டு வாரம் விட்டு மறுபடியும், தேவைப்பட்டால் மூன்றாவது முறையும் அடிக்க வேண்டும். மருந்தைப் புறாவின் மேல் நேராக அடிப்பதும், கடைக்காரர் சொன்ன கணக்கில் ஊசி போடுவதும் பல நல்ல புறாக்களைக் கொன்றிருக்கின்றன. எச்சத்தைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, முகக்கவசத்தோடு சுரண்டட்டும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அந்தத் தெருவில் மாஞ்சா விடுவது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் அதை விற்பதும் பயன்படுத்துவதும் தடை. செம்போத்தை அறுத்த நூல் அவருடைய ஹோமரையும் அறுக்கும் என்பது புறாக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும் வேலை எதிலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். மருந்து அடிக்கும் அன்றும் மறுநாளும் மகளை அழைத்துக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், பள்ளி விடுமுறைதானே. போகும் வழியில் ஸ்பிரிட் குப்பியில் போட்ட உண்ணிகளை, நாயிடம் எடுத்தது ஒன்று, கூண்டில் எடுத்தது ஒன்று என்று தனித்தனியாக, வேப்பேரியில் ஒட்டுண்ணியியல் துறையில் கொடுத்துவிட்டுப் போனால், நான் இங்கே ஊகித்திருப்பது சரியா என்பது தெரிந்துவிடும்.